உங்களைப் பார்த்துக்கொள்வோம்

ஜனவரி 12

என் அருமை நாத்தனாருக்கு, அண்ணி எழுதுவது.

நானும் உன் அண்ணனும் நலம். அவர் நலமாக இருப்பது குறட்டையில் தெரிகிறது. போனில் கூப்பிட்டால் "மீட்டிங்ல இருக்கேன் அண்ணி" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தைப் படித்துவிட்டுத்தானே வைக்க வேண்டும், அதனால் எழுதுகிறேன். பிழை இருந்தால் என்னைத் திட்டாதே. ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்திய என் அப்பாவைத் திட்டு.

உன் கம்பெனிப் புத்தகம் எங்கள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்கு வந்தது. மேனேஜர் கொண்டுவந்து மேஜையில் போட்டார். ஐந்து துவைக்கும் மெஷினிலும் ஒவ்வொரு சின்னப் பெட்டி மாட்டுவீர்களாம். சூடு எவ்வளவு, ஆட்டம் எவ்வளவு என்று அது இன்டர்நெட் வழியாக மேனேஜர் போனுக்குச் சொல்லிவிடுமாம். சரி, படமெல்லாம் அழகு. ஆனால் அட்டையில் பெரிய எழுத்தில் என்ன போட்டிருக்கிறாய்? "இனி உங்களை நாங்கள் பார்த்துக்கொள்வோம்."

யாரடி அதை எழுதியது? இஸ்திரி உருளையில் நிற்கிறாளே எங்கள் சோடாபுட்டி, அவள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சத்தமாகப் படித்தாள். படித்துவிட்டு, "ஏங்க்கா, சண்டை முத்துனா எங்க வீட்டுக்காரரும் இதத்தான் சொல்லுவாரு, 'உன்னை நான் பாத்துக்கறேன்டி'ன்னு. இவங்க அத அச்சடிச்சே அனுப்பிட்டாங்களா?" என்றாள். பதினாலு பேரும் சிரித்தோம். அடுத்த பக்கத்தில் "ஆள் நிற்காமலே மெஷின் ஓடும்" என்று இருந்தது. அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

இரண்டு நாளில் "பெட்டி வேண்டாம்" என்று மனு எழுதிப் பதினாலு பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டோம். முதல் கையெழுத்து என்னுடையது. இன்னும் மேனேஜரிடம் கொடுக்கவில்லை. அடுத்தவர் வாயால் நீ கேள்விப்படும் முன் நானே சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள். ஆனால் சாப்பிட்டுவிட்டுக் கோபித்துக்கொள்.

உன் அண்ணி

ஜனவரி 19

அன்புள்ள அண்ணிக்கு,

கடைசிப் பத்தி வரைக்கும் சிரித்துக்கொண்டேதான் படித்தேன். அந்த வரியை எழுதியது நான்தான். ஒரு வாரம் யோசித்து எழுதினேன். கவனித்துக்கொள்வோம் என்ற அர்த்தத்தில்தான் அண்ணி! உங்கள் சோடாபுட்டியின் வீட்டுக்காரரை நான் எங்கே கண்டேன்?

விளையாட்டு போதும், நிலைமையைச் சொல்கிறேன். எங்கள் அலுவலகம் என்பது மாடிப்படிக்கு அடியில் ஓர் அறையும் ஐந்து பேரும்தான். முதலீட்டாளர் ஒருவர் பணம் போடத் தயாராக இருக்கிறார். எங்காவது ஓர் இடத்தில் மாட்டி ஓட்டிக் காட்டச் சொல்கிறார். உங்கள் சலவைக்கூடம்தான் அந்த இடம். இப்போது எங்கே திரும்பினாலும் மெஷின் வந்து வேலையைப் பிடுங்கிக்கொள்ளும் என்ற பேச்சு. "ஜனங்க பயப்படற எடத்துல பணத்தப் போட்டுட்டு நான் முழிக்க முடியாதும்மா" என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். உங்கள் மனு அவர் காதுக்குப் போனால் என் ஆறு வருட உழைப்பு அவ்வளவுதான்.

அங்கே உங்கள் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது என்று எனக்குத் தெரியும். அவர்களிடம் பேசுங்கள். ஒருவர் வேலையும் போகாது. இது நான் சொல்வது.

உங்கள் அன்பு நாத்தனார்

ஜனவரி 27

இன்ஜினியரம்மாவுக்கு,

பேசிவிட்டேன். தொண்டை வற்றிவிட்டது. உன் அண்ணனிடம்கூட நான் இவ்வளவு பேசியதில்லை. அவர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்.

"உங்க நாத்தனாரு உங்களுக்கு நாத்தனாரு. எங்களுக்கு யாரு?" என்று கேட்டாள் சோடாபுட்டி.

"எனக்கு நாத்தனாருன்னா உனக்கும்தான்டி. அவ கல்யாணத்துல ரெண்டு பந்தி சாப்பிட்டியே, அப்பத் தெரியலயா?"

"சாப்பாடு போட்டதுக்காக வேலைய எழுதிக் குடுத்துரணுமா?"

"அவளுக்குப் பொய் சொல்ல வராதுடி. நான் கல்யாணமாகி வந்தப்ப அவளுக்குப் பன்னண்டு வயசு. சர்க்கரை டப்பாவக் காலி பண்ணிட்டு, வாயக்கூடத் துடைக்காம 'நான் இல்ல'ன்னு சொன்னவ. அவளா நம்மள ஏமாத்தப் போறா?"

கடைசியில் சரி என்றார்கள். மனுவை மடித்து என் டிரங்குப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், எனக்கும் உன் பெட்டி வேண்டும்தான். மூன்றாம் நம்பர் மெஷின் ஆடுகிற ஆட்டத்தில் போன மாதம் கதவு தெறித்து ஒருத்தியின் தோள்பட்டையில் அடித்துவிட்டது. முன்னாடியே சொல்கிற பெட்டி என்றால் நல்லதுதானே. இப்போது என் வாக்கில் நிற்கிறது எல்லாம். ஞாபகம் இருக்கட்டும்.

உன் அண்ணி

பிப்ரவரி 10

நாத்தனாருக்கு,

துவைக்கப் போடும் முன் எல்லாத் துணியின் பையையும் துழாவுவது என் வேலை. பேனா வரும், சாவி வரும், ஒரு தடவை ஒரு டாக்டரம்மாவின் கோட்டில் பல்செட் வந்தது. நேற்று மேனேஜரின் கோட்டில் நாலாக மடித்த ஒரு தாள் வந்தது. மேலே உன் கம்பெனிப் பெயர். பணம் போடுகிறவருக்கு எழுதியது. அவர் ஆள் இங்கே வந்து பார்த்துவிட்டுப் போனபோது மேனேஜருக்கும் ஒன்று கொடுத்திருப்பார்.

"சலவைக்கூடம். இப்போது: 14 பேர். கருவி பொருத்திய ஓராண்டுக்குப் பின்: 8 பேர்."

பதினாலில் எட்டு போனால் ஆறு. இந்தக் கணக்குக்கு நான் படித்த படிப்பே போதும்.

கீழே கோழி கிறுக்கியதுபோல ஒரு கையெழுத்து. தாளை உறையில் போட்டு மேனேஜர் மேஜையில் வைத்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. அது உன் கையெழுத்து இல்லை என்று ஒரு வரி எழுது, நம்பிவிடுகிறேன். ஒரு வாரம் பார்ப்பேன்.

அண்ணி

பிப்ரவரி 14

அண்ணி,

என் கையெழுத்துதான்.

முதலில் அவரிடமும் ஒருவர் வேலையும் போகாது என்றுதான் எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு, "அப்புறம் எதுக்கும்மா இதை எவனாவது வாங்கணும்?" என்று கேட்டார். வேலை போகும் என்றால் ஜனங்கள் பயப்படுவார்கள், பணம் வராது. போகாது என்றால் அவருக்கு அதில் ஒன்றுமில்லை, அப்போதும் வராது. நான் எந்தப் பக்கம் போவது? உங்களுக்கு ஒன்று, அவருக்கு ஒன்று என்று இரண்டு தாள் எழுதினேன்.

எட்டு என்பது இப்போதைக்கு வெறும் எழுத்துதான். மேனேஜர் செய்வாரா மாட்டாரா, எனக்குத் தெரியாது. செய்தாலும் அந்த எட்டில் உங்கள் பெயர் இருக்கும்படி நான் பார்த்துக்கொள்கிறேன். ஆறு மாதம் மட்டும் வெளியே சொல்லாமல் இருங்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

உங்கள் நாத்தனார்

பிப்ரவரி 20

நாத்தனாருக்கு,

பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல எட்டில் எனக்கு ஓர் இடம் பிடித்திருக்கிறாய். நல்ல மனசு உனக்கு. ஆனால் கட்டில் விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். அந்த முனையைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி எதிரே நிற்பாள். நாளுக்கு முந்நூறு விரிப்பு. முந்நூறு தடவை நான் அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

திங்கட்கிழமை எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். சோடாபுட்டி என்னைக் கிழித்துத் தோரணம் கட்டுவாள் என்று நினைத்தேன். "அந்த எட்டுல நீங்க இருந்திருப்பீங்கல்ல?" என்று மட்டும் கேட்டாள். "ஆமாடி" என்றேன்.

மனுவைக் கொடுத்தாயிற்று. பதினாலு பேரும் வேலையில் இருப்போம் என்று ஆஸ்பத்திரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் பெட்டியை நாங்களே துடைத்து மாட்டித் தருகிறோம் என்று ஒரு வரி சேர்த்தோம். மேனேஜர் படித்துவிட்டு, "இப்ப எதுக்குத் தலைவலி, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று அலமாரியில் போட்டுவிட்டார்.

உன் பிழைப்பு போகும் என்று தெரியாமல் செய்ததாகச் சொல்ல மாட்டேன். தெரிந்துதான் செய்தேன்.

அண்ணி

மார்ச் 29

மதிப்பிற்குரிய அண்ணி அவர்களுக்கு,

முதலீட்டாளர் விலகிவிட்டார். பயம் அடங்கட்டும், பிறகு பேசலாம் என்கிறார். அதுவரை வாடகை கொடுத்துக் காத்திருக்க எங்களால் முடியாது. கருவியை ஒரு பெரிய நிறுவனத்துக்கு விற்றுவிட்டேன். எங்கள் ஐந்து பேரில் இரண்டு பேரை எடுத்துக்கொண்டார்கள். அந்த இரண்டில் நான் இல்லை.

அடுத்த வருடம் உங்கள் ஆஸ்பத்திரிக்கு அவர்கள் வருவார்கள். அவர்களுக்குக் காத்திருக்க வசதி உண்டு. உங்கள் மனு எனக்குக் கதவைச் சாத்தியது. அவர்களை ஒரு வருடம் வாசலில் நிறுத்தும், அவ்வளவுதான். அவர்கள் தாளில் எட்டுக்குப் பதிலாக ஐந்து இருக்கலாம். அங்கே உங்களுக்கு நாத்தனார் யாரும் கிடையாது.

கொஞ்ச நாளைக்கு எழுத வேண்டாம். அண்ணனிடம் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள

ஏப்ரல் 3

எழுதக் கூடாது என்று சொன்ன நாத்தனாருக்கு எழுதுவது.

"மதிப்பிற்குரிய" என்று இதுவரை என்னைக் கூப்பிட்டது மின்சார ஆபீஸ் மட்டும்தான். அதுவும் இணைப்பைத் துண்டிப்பதற்கு முன்னால். அதனால் பயந்துபோய் உடனே எழுதுகிறேன்.

உன் கடிதத்தில் அந்தப் பெரிய கம்பெனி வருகிற இடத்தை மட்டும் பெண்களுக்குப் படித்துக் காட்டினேன். மீதி நம் வீட்டுச் சமாச்சாரம். அவர்கள் வந்தால் என்ன கேட்பது என்று ஒரு மணி நேரம் பேசினோம். ஒருத்திக்கும் தெரியவில்லை. வேண்டாம் என்று கையெழுத்துப் போடத்தான் எங்களுக்குத் தெரிகிறது. எந்தத் தாளைக் கேட்டு வாங்குவது, அதில் எந்த வரியில் விரலை வைப்பது, அதெல்லாம் யாருக்குத் தெரியும்? கடைசியில் சோடாபுட்டிதான் சொன்னாள்: "உங்க நாத்தனாரையே கூப்பிடுங்கக்கா. எழுதுனவங்களுக்குத்தான எங்க ஒளிச்சு வெச்சிருக்காங்கன்னு தெரியும்?"

அவள் உன்னை மன்னித்துவிட்டாள் என்று நினைத்துக்கொள்ளாதே. வேலைக்குக் கூப்பிடுகிறாள். நீயும் இப்போது வேலை இல்லாமல்தானே இருக்கிறாய்?

வருகிற ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். நீ காலையிலேயே வந்துவிடு. உன் அண்ணன் அன்றைக்கு வெளியூர். அவர்கள் வருவதற்குள் நாம் இரண்டு பேரும் நிம்மதியாகச் சண்டை போட்டு முடித்துவிடலாம்.

உன் அண்ணி