மலையம்மாள் குரல் இருந்த ஏழு டேப்

காரைக்குடி
11-2-1974

மாப்பிள்ளை செம்மலைக்கு,

நலம் என்று எழுதிப் பழகிய கை இன்று அதை எழுத மறுக்கிறது. உன் அக்கா மலையம்மாளுக்குத் தொண்டைப் புண் ஆறிவிட்டது. கழுத்தில் வைத்த குழாய் வழியாக மூச்சு விடுகிறாள். கஞ்சி இறங்குகிறது. சொல்ல வேண்டியதைச் சிலேட்டில் எழுதிக் காட்டுகிறாள். குரல்வளையை எடுத்தபின் பேச்சு வராது என்று மதுரை டாக்டர் சொன்னார். அது சொன்னபடிதான் ஆயிற்று.

நான் எழுத வந்தது வேறு. அவள் குரல் இருக்கிற ஏழு டேப்பில் மூன்று கெட்டுவிட்டன. ஏழும் நீ வேலை பார்க்கிற ரேடியோ கடையிலிருந்து பார்சலில் அனுப்பியவை. மைக் சோதிக்கவென்று ஏழு வருஷமாக அவளைப் பேசவும் பாடவும் விட்டு நான் பிடித்துவைத்தது. இப்போது தினம் சாயந்திரம் ஒன்றைப் போடச் சொல்லி உட்கார்ந்து கேட்கிறாள். நேற்றுப் போட்டேன். "சோறு ஆறிப்போச்சு, இன்னும் அந்தப் பெட்டியோட என்ன பேச்சு? வாரீகளா, நாய்க்குப் போடவா?" என்று ஏசுவாளே, அதில் சோறு கேட்கிறது, நாய் கேட்கிறது. நடுவில் கிணற்றில் முங்கியதுபோல் ஒன்றுமில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் மெஷினைப் பார்த்தேன்.

எல்லாவற்றுக்கும் நோட்டுப் போட்டு வைத்திருக்கிறேன். மயில் மார்க் மூன்றில் இரண்டு போச்சு. நங்கூரம் மார்க் இரண்டில் ஒன்று போச்சு. ஜெர்மன் பச்சைப் பெட்டி இரண்டும் நிற்கிறது. ஆகவே மயில் மார்க்காரன் திருடன். இனி அதை எவன் தலையிலும் கட்டாதே என்று உன் முதலாளிக்கும் தனியாக எழுதிப் போட்டுவிட்டேன்.

பதிலைக் கடை விலாசத்துக்கு எழுது. வீட்டுக்கு எழுதினால் அவள் படித்துக் கலங்குவாள்.

ப. குழந்தைவேலு
மைக் செட்


சென்னை
20-2-1974

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். அக்காவை நினைக்காத நேரமில்லை. லீவு கேட்டிருந்தேன். முதலாளிக்கு நீங்கள் எழுதிய கடிதம் வந்த அன்று அவர் அதை எல்லார் முன்னாலும் படித்தார். டேப் விற்கிற பகுதியிலிருந்து என்னைப் பார்சல் கட்டுகிற இடத்துக்கு மாற்றிவிட்டார். லீவும் இல்லை என்றார். போகட்டும், இதைக் குறையாகச் சொல்லவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். அந்த டேப்புகளை ஒரே சமயத்தில் வாங்கவில்லை. ஒன்று அறுபத்தாறில் வந்தது, இன்னொன்று எழுபதில். மார்க்கும் வேறு வேறு. இத்தனை வருஷம் தாங்கியவை ஆபரேஷனுக்குப் பின் இந்த மூன்று மாதத்தில் சேர்ந்து கெடுவானேன்? வைக்கிற இடத்தை மாற்றினீர்களா?

அக்காவிடம் என் அன்பைச் சொல்லுங்கள்.

உங்கள்
செம்மலை


காரைக்குடி
3-3-1974

செம்மலைக்கு,

இன்னும் மூன்று போச்சு. பச்சைப் பெட்டியிலும் ஒன்று போய்விட்டது. ஜெர்மன்காரனும் களவாணிதான் என்று நோட்டில் எழுதியாயிற்று.

எங்கே வைத்தீர்கள் என்று என்னையே கேட்கிறாயா? ஆபரேஷனுக்கு முன் கடையில் திறந்த பலகையில் கிடந்தன. குரல் போனபின் இனி இவைதான் அவள் என்று எடுத்து இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினேன். லவுட்ஸ்பீக்கர் ஹார்னுக்குப் பின்னால் மாட்டுகிற நாலு யூனிட்டும் அதில்தான் இருக்கின்றன. கடையில் விலை உயர்ந்த சாமான் அவைதான். எலி இல்லை, தூசி இல்லை, ஈரம் இல்லை. இதைவிட ஒரு மனிதன் எப்படிக் காப்பாற்றுவான்?

மிஞ்சியது ஏழாவது ஒன்றுதான். அரியக்குடியில் என் தங்கை மகள் கல்யாணத்தில் அவள் பாடிய நலுங்குப் பாட்டு. இத்தனை நாள் அது மெஷின் பெட்டிக்குள்ளேயே இருந்தது. போடப் போடத் தேயுமோ என்று பயமாக இருக்கிறது. பட்டுத் துணியில் சுற்றி, ஆடாமல் அசையாமல் நாலு யூனிட்டுக்கும் நடுவில் செருகிப் பூட்டிவிட்டேன். சாவி என் அரைஞாணில்.

ப. குழந்தைவேலு


சென்னை
8-3-1974

அத்தான்,

இதைப் படித்தவுடன் எழுந்து போய் பீரோவைத் திறந்து ஏழாவது டேப்பை வெளியே எடுங்கள். மிச்சத்தை அப்புறம் படிக்கலாம்.

யூனிட்டுக்குள் பெரிய காந்தம் இருப்பது உங்களுக்குத் தெரியும். டேப்பின்மேல் இருக்கிற பழுப்புப் பூச்சு இரும்புத்தூள். அதில் காந்தமாகத்தான் குரல் பதிந்திருக்கிறது. பலமான காந்தம் பக்கத்தில் இருந்தால் அழிந்துவிடும். மார்க் எதுவானாலும் அழியும்.

சோதித்துப் பாருங்கள். டேப் மட்டமென்றால் குரல் கண்ட இடத்தில் போகும். காந்தமென்றால் சுருளின் ஒரு பக்கத்தைத்தான் தொட்டிருக்கும். சுற்றுக்கு ஒருமுறை, சரியாக இடைவெளி விட்டு முங்கும். உள்ளே போகப் போகச் சுற்று சிறிதாவதால் இடைவெளியும் குறையும்.

நான் சொல்வது தப்பாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

செம்மலை


காரைக்குடி
13-3-1974

செம்மலைக்கு,

முதலாளியைக் காப்பாற்ற என்மேல் பழி போடுகிறாய். காந்தம் இரும்பை இழுக்கும். டேப் பிளாஸ்டிக். யூனிட்டில் ஒட்டிப் பார்த்தேன், ஒட்டவில்லை. எவன் காலிலும் விழாமல் மெஷினைப் பிரித்துப் பிரித்துத் தொழில் கற்றவன் நான். பார்சல் கட்டுகிறவன் எனக்குச் சொல்லித்தர வேண்டாம். பீரோ பூட்டியது பூட்டியபடிதான் இருக்கும்.

ப. குழந்தைவேலு


காரைக்குடி
29-3-1974

மாப்பிள்ளை செம்மலைக்கு,

நீ பொய் சொன்னாய் என்று காட்டத்தான் அளந்தேன். குரல் முங்குகிற இடத்திலெல்லாம் பென்சிலால் புள்ளி வைத்து, கயிறு பிடித்து அளந்தேன். வெளிச்சுற்றில் ஒன்றேகால் முழத்துக்கு ஒரு புள்ளி. அப்புறம் ஒரு முழம். உள்ளே ஒரு சாண். ஆறு டேப்பும் அப்படியே. மயில், நங்கூரம், பச்சைப் பெட்டி எல்லாம் ஒன்றுபோல.

ஏழாவதைப் பட்டிலிருந்து எடுத்துப் போட்டேன். அதுவும் முங்கி முங்கி எழுகிறது.

செம்மலை, தினம் இரண்டு வேளை அவள் கழுத்துக் குழாயைக் கழற்றிக் கழுவிப் போடுவது நான்தான். நர்ஸைக்கூட விடமாட்டாள். கண்ணை மூடிக்கொண்டு கழுத்தை நீட்டுவாள். மிச்சக் குரலை அழித்ததும் இந்தக் கைதான் என்று தெரிந்தால் இனி நீட்டுவாளா?

கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றே சொல்லிவைத்திருக்கிறேன். அவள் நம்பவில்லை. "செம்மலை என்ன சொல்றான்?" என்று சிலேட்டைத் தட்டித் தட்டிக் கேட்கிறாள். நீ வீட்டு விலாசத்துக்கு ஒரு கடிதம் எழுது. தெரிந்தே மட்டமான டேப்பை அனுப்பிவிட்டேன் என்று எழுது. நீ தம்பி. உன்னோடு அவள் ஒரு வருஷம் பேசாமல் இருப்பாள், பிறகு சரியாகும். என்னோடு ஒரு நாள் முகம் திருப்பினாலும் நான் தாங்கமாட்டேன். நான் யாரிடமும் கேட்டதில்லை. கேட்கிறேன்.

குழந்தைவேலு


சென்னை
5-4-1974

அன்புள்ள அத்தானுக்கும் அக்காவுக்கும்,

அக்கா, டேப் கெட்டதற்குக் காரணம் நான்தான். கழித்துப்போட்ட சரக்கு மலிவாகக் கிடைத்தது. தெரிந்தேதான் வாங்கி அனுப்பினேன். மைக் சோதிக்கத்தானே போகிறார்கள், எதுவானால் என்ன என்று நினைத்துவிட்டேன். உன் குரலுக்கு இப்படி ஒரு நாள் வரும் என்று அன்று தெரியாது.

அத்தான்மேல் தப்பில்லை. அவர் கண்போலத்தான் பார்த்துக்கொண்டார்.

செம்மலை


காரைக்குடி
16-4-1974

செம்மலைக்கு,

உன் கடிதத்தை அவள்தான் முதலில் பிரித்தாள். படித்துவிட்டு, "இனி அவன் இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது" என்று எழுதினாள். எழுதிய வேகத்தில் பலப்பம் ஒடிந்தது. நான் கேட்டது கிடைத்தது. ஆனால் இரண்டு நாள் அவள் உன் கல்யாணப் படத்தைச் சுவரிலிருந்து இறக்குவதும் மாட்டுவதுமாக இருந்தாள். மூன்றாம் நாள் கடையில் இருந்த உன் இரண்டு கடிதத்தையும் கொண்டுவந்து அவள் மடியில் போட்டேன்.

படித்தாள். அன்றிலிருந்து குழாயைக் கண்ணாடி பார்த்துத் தானே கழுவிக்கொள்கிறாள். ஒரு தடவை குழாய் உரசி ரத்தம் வந்தது. கிட்டே போனேன். தள்ளிவிட்டாள்.

உன் முதலாளிக்கு எழுதிவிட்டேன், டேப்பில் குற்றமில்லை, வைத்தவன் குற்றம் என்று.

நேற்றுச் சாயந்திரம் ஏழாவது டேப்பை அவளே கொண்டுவந்து மெஷின்மேல் வைத்தாள். வேண்டாம் என்றேன். நகரவில்லை. போட்டேன். ஆறு எண்ணுவதற்குள் ஒருமுறை குரல் முங்கியது. முங்கிய இடத்திலெல்லாம் அவள் உதடு அசைந்தது. தாளம் தப்பாமல் அசைந்து, குரல் திரும்பி எழுகிற இடத்தில் சரியாக மூடியது. என்னைப் பார்க்கவில்லை.

எனக்கு அந்தப் பாட்டின் வார்த்தைகள் தெரியாது. அவள் பாடிய அன்று நான் மெஷினில் சத்த அளவு காட்டுகிற முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நேற்று அவள் உதட்டைப் பார்த்து எழுதிக்கொள்ளப் பார்த்தேன். பாதி பிடிபடவில்லை. அவளிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. உங்கள் அம்மா பாடிய பாட்டுத்தானே, உனக்குத் தெரிந்திருக்கும்.

வந்து சொல்.

குழந்தைவேலு