சிறுநீர்ப் பாசனமும் காட்டுப் பட்டாம்பூச்சிகளும்

செப்டம்பர் 28, ஞாயிறு

காலையிலிருந்து பனிமூட்டம். பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. அப்பாவின் முகம் தெரியாததும் ஒரு வகையில் நல்லது.

காலாண்டு லீவுக்கு ஹாஸ்டலிலிருந்து மலையேறி வந்தால் வீட்டில் பாதி சாமான் சாக்குக்குள். குத்தகை முடிந்தது, ஃபாக்டரி பூட்டியாச்சு, இந்த மலை முழுக்கத் திரும்பவும் காடாகப் போகிறதாம். எஸ்டேட்டுக்கு எக்ஸ்பயரி டேட். தேயிலை இனி தேவையில்லை. இந்த ஜோக்கைக் கூட்டாளி செல்வினிடம் சொன்னேன், சிரித்தான். அம்மாவிடம் சொன்னேன், கரண்டி பறந்து வந்தது.

செய்ய வேண்டியவை: வேதியியல் ரெக்கார்டு. தலைமுடி வெட்டுவது. செல்வின் செருப்பை ஒளித்து வைப்பது (முடிந்தது).

பக்கத்து லைன் வீட்டுக்காரர்கள் போன மாதமே மலையை விட்டு இறங்கிவிட்டார்கள். இப்போது அதில் ரேவதி அக்கா. பாளையங்கோட்டையில் ஆராய்ச்சி படிக்கிறார். தினமும் காலையில் தேயிலைக்குள் ஒரு நடை, காட்டுக்குள் ஒரு நடை. எதிர்ப்படும் பட்டாம்பூச்சியை எல்லாம் இனம் பிரித்து எழுதுகிறார். அப்பா வைத்த பெயர் "பூச்சி டீச்சர்."

சாயங்காலம் டீக்கடையில் பெரியவர்கள் பேசிக்கொண்டது:

"அந்தப் பிள்ள எழுதுத கணக்க வச்சித்தான் நம்மள அனுப்பவா வேண்டாமான்னு மேல முடிவெடுப்பாவளாம் வே."

"பூச்சிக் கணக்குல நமக்கென்ன?"

"காட்டுல இருக்குத பூச்சி தேயிலைக்குள்ள இல்லன்னா, நாம காட்டக் கெடுத்துட்டோம்னு அர்த்தமாம்."

பாதி டீயோடு எழுந்து வந்தேன்.

29, திங்கள்

மூட்டம் விலகி நல்ல வெயில். முடி வெட்டவில்லை.

அக்காவிடம் நைசாகப் பேச்சுக் கொடுத்தேன். "காடா தேயிலையா, யாருக்கா ஜெயிக்கா?"

"காடுதான். உள்ள நாலடி வச்சா வேற ஒரு இனம் வருது. தேயிலைக்குள்ள அதே சின்ன மஞ்சள், அதே வெள்ளை. எண்ணிக்கை கொறவில்ல தம்பி, வகைதான் இல்ல."

"எங்க ஹாஸ்டல் சாம்பார் மாதிரி. அண்டா நெறைய இருக்கும், ஒரே காய்தான்."

சிரித்தார். பிறகு சொன்னது: ஒவ்வொன்றின் புழுவுக்கும் ஒவ்வொரு செடி. அதைத்தான் தின்னும், வேறு எதையும் தொடாது. "அந்தச் செடிய வெட்டித் தேயிலய நட்டா, அது எங்கன போவும் சொல்லு?"

நாங்க எங்கன போவோம்னு கேட்க வாய் திறந்தேன். அதற்குள் அக்கா அடுத்ததுக்குப் போய்விட்டார்.

இன்னொரு தகவல். ஆண் பட்டாம்பூச்சிக்கு உப்பு வேணுமாம். ஈர மண்ணில், மாட்டு மூத்திரத்தில் கூட்டமாக இறங்கி உறிஞ்சுமாம்.

மாடு எதற்கு? நானும் செல்வினும் எதற்கு இருக்கிறோம்?

திட்டத்தின் பெயர்: சிறுநீர்ப் பாசனத் திட்டம். சி.பா.தி. இடம்: அக்கா நடக்கிற தேயிலைப் பாதை, காட்டு ஓரத் திருப்பம். தேவை: உப்புப் போட்ட மாங்காய், சொம்பு சொம்பாகத் தண்ணீர்.

"லே, இதால எஸ்டேட்டக் காப்பாத்திருவமால?" என்றான் செல்வின்.

"பூச்சி வந்தா காடும் தேயிலையும் ஒண்ணுன்னு எழுதுவாவ. எழுதிட்டா நம்மள எதுக்குல அனுப்பப் போறாவ?"

30, செவ்வாய்

வெயில். வந்துவிட்டன!! நீலக் கோடு போட்டவை, வால் நீண்டவை, பெயர் தெரியாதவை. பாதையே படபடக்கிறது. செல்வின் என்னைக் கட்டிப்பிடித்தான். கை கழுவினானா தெரியவில்லை.

அக்கா முழங்கால் போட்டுப் படம் எடுக்கிறார். ஒரு பக்கம் முழுக்க எழுதினார். ராத்திரி சோறு ரெண்டு தட்டு. மலைக்குக் கீழே ஊரில் அப்பாவுக்கு வாட்ச்மேன் வேலை பார்த்து வைத்திருக்கிறார்களாம். போக வேண்டி வராது என்று சொல்ல ஆசை.

அக்டோபர் 1, புதன்

வானம் மப்பு. எல்லாம் கெட்டது.

அக்காவே கூப்பிட்டார், முகமெல்லாம் பல். "பாத்தியாடே! மருந்தடிக்கத நிறுத்தினாங்கள்லா, களை முளைச்சிருச்சு, காட்டுப் பூச்சி தேயிலைக்குள்ள வர ஆரம்பிச்சிருச்சு! இன்னும் ஆளுக எல்லாம் எறங்கிட்டா..."

அங்கே நிறுத்தினார். நாங்கள் ஊற்றியது எங்களுக்கே எதிராக முளைத்திருக்கிறது.

"அக்கா, அது காட்டுலேர்ந்து தானா வரல. எங்க மூத்திரத்துக்கு வந்துச்சு."

"என்னது?"

"நானும் செல்வினும். திங்கக்கெழமை சாயங்காலத்துலேர்ந்து."

"ஏ எருமை! முழங்கால் போட்டு உக்காந்தேனேல அதுல!"

அந்தப் பக்கத்தைக் குறுக்கே ஒரே கோடாக அடித்தார். பிறகு பைய கேட்டார், "எதுக்குல இப்படி?"

"நாங்க இங்கனயே இருக்கணும்லா."

அக்கா பேனாவை மூடினார். "என் கணக்கப் பாத்து யாரும் உங்கள அனுப்பலடே. நான் மலையேறதுக்கு முன்னாலயே உத்தரவு போட்டாச்சு. என் கணக்க இதுவரைக்கும் யாரும் கேக்கக்கூட இல்ல."

நேரே செல்வின் வீட்டுக்கு ஓடினேன்.

செல்வினிடம் சொன்னேன். "அப்ப மாங்கா வீணால?" என்றான். அவன் வீட்டில் நேற்றே கட்டில் கழற்றிவிட்டார்கள்.

3, வெள்ளி

விடியும்போது சாரல், பிறகு வெயில். லாரி வந்தாச்சு. அம்மா காலி வீட்டைப் பெருக்குகிறார்.

"எதுக்குட்டி பெருக்குத? யாரு குடிவரப் போறா?" அப்பா.

"வாழ்ந்த வீட்டக் குப்பையாப் போட்டுட்டா போறது?" அம்மா. மூலையை மறுபடியும் பெருக்கினார்.

ரேவதி அக்கா முன்பக்கம் பாய் கட்டிக் கொடுக்கிறார். எனக்குக் கோழி பிடிக்கிற வேலை. வீட்டுப் பின்னால் துரத்திப் பிடித்துக் கக்கத்தில் இடுக்கி நிமிர்ந்தால், அது.

கறுப்பும் மஞ்சளுமாக ஒரு பட்டாம்பூச்சி, விரித்த உள்ளங்கையைவிடப் பெரிசு. காட்டிலிருந்து, வெட்டாமல் ஆள் உயரத்துக்கு வளர்ந்துவிட்ட தேயிலைக்கு மேலாக மிதந்து வந்தது. ஈரத்தில் இறங்கவில்லை; எங்கள் உப்புக்கு வந்ததல்ல இது. எங்கள் கம்பி வேலியில் புதிதாகப் படர்ந்திருந்த ஏதோ கொடியில் தொற்றி, வயிற்று நுனியை வளைத்து இலைக்கு அடியில் தொட்டது. போய்விட்டது. இலையைத் திருப்பினேன். செம்மஞ்சளாக ஒரு முட்டை, கடுகைவிடக் கொஞ்சம் பெரிசு. வேலிக்கு இந்தப் பக்கம் எங்கள் வீடு.

லாரிக்காரர் ஹாரன் அடிக்கிறார். அக்கா பின்பக்கம் எட்டிப் பார்த்தார்.

"என்னடே அங்கன பாக்க?"

காட்டினால் இதையும் நோட்டில் எழுதுவார்; இலையை விட்டேன். "கோழியத் தேடுதேன்க்கா."

கோழி என் கக்கத்தில்தான் இருந்தது.