குட்டை நார் திரும்பி வந்தது

மாட்டுங்கா, பம்பாய்
1964

அன்புள்ள சீனியம்மாளுக்கு,

நான் சுகம். நீயும் பிள்ளையும் அம்மாவும் சுகமா?

பஞ்சு ஆய்வகத்தில் நார் அளக்கும் அறைக்கு ஜன்னல் கிடையாது. நார் பறக்கும் என்று ஃபேனும் போடமாட்டார்கள். நேற்று கதவு சிக்கி, சாயங்காலம்வரை உள்ளேயே கிடந்தேன். பயப்படாதே, சிரித்துக்கொண்டேதான் வெளியே வந்தேன்.

வந்ததும் ஊருக்கு வர ஆபீசரிடம் லீவு கேட்டேன். "நீள நார்ச் செடியையும் குட்டை நார்ச் செடியையும் சேர்த்தோம். முதல் தலைமுறை நீளமாகவே வந்தது. இரண்டாவதில் குட்டை திரும்பியிருக்கு. எத்தனை செடியில் என்று அளக்காமல் எங்கே போறீர்?" என்றார். அது முடிவதற்குள் அடுத்த விதைப்பு வந்துவிடும்.

பிள்ளைக்குச் சுருட்டை முடி, யாரைக் கொண்டிருக்கோ என்று எழுதியிருந்தாய். செத்துப்போன எங்க அய்யாவுக்கு அப்படித்தான் இருந்தது; எனக்குத்தான் வரவில்லை. நான் வரும்வரை மொட்டை போடாதே. அம்மா கோபித்தாலும் தள்ளிப்போடு. ஒருதரம் தடவிப் பார்த்துக்கொள்கிறேன்.

தபால்காரர் பெட்டியைத் திறக்கிறார், இதோடு நிறுத்துகிறேன்.

உன்
மாசானம்