அப்பா துணைத் தலைவரான கதை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலமாகத்தான் இருக்கிறோம், என் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முணுமுணுக்கிறது. நீயும் நலம் என்றே நினைத்துக்கொள்கிறேன், உடம்பு முடியாவிட்டாலும் நலம் என்றுதான் சொல்வாய், அந்தக் குணம் அப்பாவிடமிருந்து வந்தது. போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் அவர் காதில் விழும், விழுந்தால் பாதியில் புகுந்து திருத்துவார், நான் சொல்ல வந்தது எங்கேயோ போய்விடும். அதனால் அவர் கடை திறக்கப் போன பிறகு சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். அடுப்பில் பால் இருக்கிறது, நடுவில் எழுத்து கோணலானால் அதுதான் காரணம்.

அன்றைக்கு நீ போன் பண்ணிக் கத்தினாய். உன்னோடு வேலை பார்க்கிற நர்ஸ் ஒருத்தி, அப்பா படம் போட்ட சுவரொட்டியைப் போனில் காட்டி, இது உன் அப்பா தானே என்று கேட்டாள் என்றாய். நாள் முழுக்க நுரையீரல் நோய் வார்டில் நின்றுவிட்டு வந்தவளுக்கு அதைப் பார்க்க எப்படி இருந்திருக்கும் என்று எனக்குப் புரிந்தது. அப்பா பக்கத்தில்தான் இருந்தார், போனை நீட்டினேன், வாங்கவில்லை. அதன் பிறகு நீயும் அவரைக் கூப்பிடச் சொல்லிக் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் நான் தபால்காரி மாதிரி அலைகிறேன், அதனால் முழுவதையும் சொல்லிவிடுகிறேன்.

நகராட்சியில் ஒரு சட்டம் கொண்டுவரப் போவதாகப் பேச்சு வந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் சிகரெட் விற்கக் கூடாது, எந்தக் கடையிலும் கண்ணில் படும்படி வைக்கக் கூடாது, பாக்கெட்டைப் பிரித்து ஒற்றையாகக் கொடுக்கக் கூடாது. நம் கடை பள்ளிக்கூட வாசலுக்கு நேர் எதிரே என்பது உனக்குத் தெரியாததில்லை. அப்பாவுக்குக் கோபம்தான். வாழ்நாளில் ஒரு தடவை கூட அதை வாயில் வைத்தவர் இல்லை, ஆனாலும் பெரிய கடைகளை விட்டுவிட்டு நம்மை மட்டும் ஏன் பிடிக்கிறார்கள் என்று கேட்டார். அதில் நியாயம் இல்லை என்று எனக்கும் சொல்ல வரவில்லை. அந்தச் சமயத்தில்தான் டைக்காரர் வந்தார், சிகரெட் கம்பெனி விற்பனை ஆள், எந்த வெயிலிலும் டை கட்டிக்கொண்டு வருவாரே அவரேதான். சின்னக் கடைக்காரர்கள் எல்லாம் சேர்ந்து பாதுகாப்புச் சங்கம் ஆரம்பித்திருக்கிறோம், நீங்கள்தான் துணைத் தலைவர் என்றார். உன் அப்பாவை இதுவரை யாரும் எதற்கும் தலைவர் என்று கூப்பிட்டதில்லை. அன்றைக்குச் சாப்பிடும்போது தட்டைப் பார்த்துத் தானாகச் சிரித்துக்கொண்டார், நானும் துணைத் தலைவருக்கு இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுமா என்று கேட்டேன்.

அடையாள அட்டைக்கு என்று சொல்லி ஒரு போட்டோக்காரரை அழைத்து வந்தார்கள். ஷட்டரைப் பாதி இறக்கி அதன் கீழே நிற்கச் சொன்னார்களாம், சிரிக்க வேண்டாம் என்றார்களாம். அட்டை இன்றுவரை வரவில்லை. படம் பஸ் நிறுத்தத்தில் ஆள் உயரத்துக்கு வந்தது, ‘இந்தச் சட்டம் வந்தால் என் குழந்தைகள் பட்டினி’ என்று அவர் சொன்னதாகக் கீழே எழுதி. கம்பெனி பெயர் எங்கேயும் கிடையாது, சங்கத்தின் பெயர்தான். பக்கத்து வீட்டம்மா வந்து, என்னங்க, நர்ஸ் வேலை பார்க்கிற பொண்ணு பட்டினியா கிடக்குது என்று விசாரித்தாள். அப்பா டைக்காரரிடம் கேட்டதற்கு, அது எல்லாக் கடைக்காரர்களுக்கும் பொதுவாக எழுதினது, நீங்கள் மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றார். அடுத்த நாள்தான் உன் போன்.

பிறகு நகராட்சி மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தார்கள். நானும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தேன். சங்கத் தலைவர் என்று ஒருவர் மேடையேறிப் பேசினார், எந்தத் தெருவில் கடை என்று பக்கத்தில் இருந்த மளிகைக்காரரைக் கேட்டேன், கடையே கிடையாது, விளம்பரக் கம்பெனியில் வேலை என்றார். அடுத்து அப்பா. கையில் டைப் அடித்த தாளைக் கொடுத்திருந்தார்கள், வேறு ஊர்களில் இந்தச் சட்டத்தால் பாதிக் கடைகள் மூடிவிட்டன என்று அதில் இருந்தது. அதைத் திக்கித் திக்கி வாசித்து முடித்தார். நகராட்சி உறுப்பினர்களில் ஒருவர் பல் டாக்டரம்மா, அவர் நம் கடைக்கு வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார் போல. அந்தத் தாளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “சிகரெட் வைக்கிற அந்தக் கண்ணாடி அலமாரி, லைட் எல்லாம் போட்டு, மிட்டாய் ஜாடி பக்கத்துல அவ்வளவு கீழே ஏங்க இருக்கு?” என்று மட்டும் கேட்டார். அப்பா, “நான் மேலேதாங்க மாட்டச் சொன்னேன். மாட்ட வந்த ஆள் தரையிலேருந்து அளந்தாரு, கம்பெனி சொன்ன உயரம் இதுதான்னாரு” என்றார். அந்த உயரத்தில் யார் கண்ணுக்குப் படும் என்று டாக்டரம்மா கேட்டார். அப்பா கையைத் தாழ்த்தி அந்த உயரத்தைக் காற்றில் அளந்து பார்த்தார். மைக்கில் அவர் மூச்சு கேட்டது. “பெரியவங்க குனியணுங்க. பசங்க குனிய வேண்டாம்” என்றார்.

யாரையும் மாட்டிவிட வேண்டும் என்று அவர் சொல்லவில்லை பாப்பா, கேட்டார்கள், சொன்னார். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவர், கூட்டம் முடிகிறவரை நிமிரவில்லை. வீட்டுக்கு நடந்து வரும்போது, தினம் அந்த அலமாரியைத் துணி போட்டுத் துடைத்தேனே என்றார், அவ்வளவுதான்.

சட்டம் நிறைவேறியது, முழுசாக இல்லை. கண்ணில் படும்படி வைப்பதும் ஒற்றையாக விற்பதும் நின்றுபோனது. பள்ளிக்கூடத்துப் பக்கத்தில் விற்கக் கூடாது என்பதற்கு மட்டும் கம்பெனி கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கிவிட்டது, கேஸ் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் அப்பா சட்டப்படி பாக்கெட்டை மறைத்து வைத்து விற்கலாம். “ஒளிச்சு வெச்சு விக்கிற சாமானை நான் ஏன் விக்கணும்” என்று சொல்லி, இருந்ததைத் திருப்பி அனுப்பிவிட்டார். கம்பெனி ஆட்கள் வந்து அலமாரியோடு கடை பெயர்ப் பலகையையும் கழற்றிப் போனார்கள், அதுவும் அவர்கள் கொடுத்ததுதானாம். வியாபாரம் குறைந்திருக்கிறது, உன்னிடம் மறைக்க மாட்டேன். சாயங்காலம் சிகரெட்டுக்கு வந்து கூடவே ரொட்டியும் சோப்பும் வாங்கிப் போனவர்கள் இப்போது வேறு கடைக்குப் போகிறார்கள். பழங்கள் போட்டுப் பார்க்கிறார், வாழைப்பழம் போகிறது, மற்றது பாதி நம் வயிற்றுக்குத்தான். சமாளித்துக்கொள்வோம், நீ அதை நினைத்து அதிகமாக அனுப்பாதே.

போன வாரம் டைக்காரர் மறுபடி வந்தார், கோபமே இல்லாமல். பேனா மாதிரி கலர் கலராக ஒரு சாமான், உறிஞ்சினால் புகை மாதிரி ஆவி வருமாம், இது சிகரெட் இல்லை, சட்டத்தில் இதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை, தாராளமாக வெளியிலேயே வைக்கலாம் என்றார். சிகரெட்டை விட நினைக்கிற பெரியவர்களுக்காகச் செய்தது என்றும் சொன்னார். அப்பா ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தார். “விட நினைக்கிற பெரியவங்களுக்கு எதுக்குங்க பபிள்கம் வாசனை?” என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆனால் தெருமுனை ஸ்டேஷனரிக் கடையில் அது இப்போது வாசலிலேயே தொங்குகிறது, பேனாக்களோடு பேனாவாக. அப்பா போய் டாக்டரம்மாவைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். அடுத்த கூட்டத்தில் வந்து நீங்களே பேசுங்கள் என்றாராம் அந்த அம்மா. இந்தத் தடவை தாள் எதுவும் கொடுக்க ஆள் இல்லை, என்ன பேசுவது என்று கடையில் உட்கார்ந்து உதட்டை அசைத்துக்கொண்டிருக்கிறார், சாமான் வாங்க வருகிறவர்கள் கணக்குப் போடுகிறார் என்று நினைக்கிறார்கள்.

நேரத்துக்குச் சாப்பிடு, நைட் டியூட்டி முடிந்து வந்தால் போனை அணைத்துவிட்டுத் தூங்கு, குளிருக்கு நான் அனுப்பிய காலுறையைப் போட்டுக்கொள், அழகாக இல்லை என்று எனக்கும் தெரியும். நீ தொட்ட காரியம் எல்லாம் நன்றாக வரட்டும், உன் கையால் மருந்து வாங்குகிறவர்கள் எழுந்து நடக்கட்டும். ஒரு விஷயம் மறந்துவிடாதே. நேற்றுக் காலை சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே அப்பா என்னிடம், அவள் வார்டில் படுத்திருப்பவர்கள் எல்லாம் எந்த வயதில் சிகரெட்டை ஆரம்பித்தார்களாம் என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும், உங்கள் பெண்ணைக் கேளுங்கள் என்றேன். கேட்க மாட்டார். கூட்டம் வருகிற வியாழக்கிழமை. அதற்குள் விசாரித்து, என்னிடம் இல்லை, அவரிடமே சொல்.

என்றும் உன் நினைவாக இருக்கும்,
அம்மா