அண்ணனின் பி.ஏ.

உள்ளதை உள்ளபடி எழுதப்போகிறேன், அண்ணே. நீ போன பிறகு உன்னைப் பற்றி எல்லோரும் ஒரே மாதிரிப் பேசுவதைக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

ராணுவப் பயிற்சிக் கல்லூரியிலிருந்து வந்த உன் இரும்புப் பெட்டியை இன்று காலை திறந்தோம். பூட்டை எடுத்ததும் பூட்ஸ் பாலிஷ் வாசனை கூடம் முழுக்கப் பரவியது. அம்மா உன் சட்டையில் முகத்தைப் புதைத்து அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் என் கண் முதலில் போனது சட்டைகளுக்கு அடியில் இருந்த வரலாற்றுப் புத்தகங்கள்மேல்தான். கெட்டி அட்டை, கசங்காத தாள். அந்த நேரத்திலும் பொறாமை வந்தது.

அது பழைய பொறாமை. துப்பாக்கி சுடத்தான் நீ வடக்கே போகிறாய் என்று நினைத்திருந்தேன். ராணுவ அதிகாரியாகப் பயிற்சி பெறுகிறவர்கள் பி.ஏ.வும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று நீ எழுதிய அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு கதைப் புத்தகத்தைக்கூட முடித்திராத உனக்கு அரசாங்கச் செலவில் வரலாறு. பள்ளி நூலகத்தையே படித்துத் தீர்த்த எனக்கோ, பள்ளி முடியும் பதினோராம் வகுப்போடு சரி என்று அப்பா சொல்லியிருந்தார்.

போன வருடம் விடுமுறைக்கு வந்தாயே. சுரங்கத்தில் நைட் ஷிப்ட் முடிந்து வந்த அப்பா, தான் வியர்வையில் கிடந்துகொண்டு, மேசை விசிறியை உன் பக்கம் திருப்பி வைத்தார். "அண்ணன் படிக்கிறான், சத்தம் போடாத" என்று அம்மா என்னை அம்மியில்கூட அரைக்க விடவில்லை. நீ புத்தகத்தின்மேல் தலை வைத்துத் தூங்கினாய். உன் கன்னத்துக்கு அடியிலிருந்து அதை உருவி நான் படித்தேன்.

"ஏய் வாத்தியாரம்மா, பானிபட்டுல என்னதான் நடந்துச்சு? எழுத்தாப் பாத்தா எனக்கு ஒண்ணும் ஏறல" என்றாய் மறுநாள்.

உங்கள் கல்லூரியில் போர்களை மணல் பரப்பிய மேசையில் பொம்மைப் படைகளை நிறுத்திச் சொல்லித் தருவார்களாம். நீ நம் சுரங்கக் குவார்ட்டர்ஸ் பின்பக்கத்துச் செம்மண்ணைத் தட்டிச் சமமாக்கினாய். நிலக்கரித் துண்டுகள் லோடியின் யானைகள்; புளியங்கொட்டைகள் பாபரின் ஆட்கள். நான் சொல்லச் சொல்ல நீ நகர்த்தினாய்.

"பாபர் வண்டிங்கள ஏன் சேத்துக் கட்டினான்?" என்றாய்.

"எதிரி உள்ள பாய முடியாதுல்ல. இடையில பீரங்கி."

"அட, கெட்டிக்காரன்தான்."

மந்தாரக்குப்பத்திலிருந்து வரும் பால்காரம்மா வேலியோரம் நின்று பார்த்தாள். "ஆபீசராவப் போற புள்ள மண்ணுல வெளையாடிக்கினு இருக்குது. இதுக்கா அம்மாந்தூரம் ரயிலேத்தி வுட்டாங்க?"

"சண்டை நடக்குதுங்க. பாலு சிந்திடும், தள்ளி நில்லுங்க" என்றாய் நீ.

திரும்பிப் போகும் அன்று பஸ் நிறுத்தத்தில் நீ அப்பாவிடம் சொன்னாய்: "என்னைவிட இவதான்ப்பா படிக்கணும். எனக்குச் சம்பளம் வரட்டும், காலேஜுக்கு நான் அனுப்புறேன்." அப்பா உன் காலரைச் சரிசெய்தார்.

விடுமுறை முடிந்து எழுதிய தேர்வில் வரலாற்றில் நீ முதலாவதாக வந்தாய். அப்பா நம் பிளாக் முழுவதற்கும் மிட்டாய் கொடுத்தார். தட்டைச் சுமந்து வீடு வீடாகப் போனவள் நான். "அண்ணன் மாதிரி நீயும் நல்லாப் படி" என்று எடுத்துக்கொண்டவர்களெல்லாம் சொன்னார்கள். சிரித்துக்கொண்டே தட்டை நீட்டினேன்.

உன் முதல் சம்பளம் வருவதற்குள் அங்கே ஒரு காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. உன்னோடு என் கல்லூரியும் போயிற்று என்றுதான் நினைத்தேன். நீ இல்லை என்று அழுததில் அதற்கான அழுகையும் கலந்திருந்தது.

இன்று சாயங்காலம் அப்பா உன் புத்தகம் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, "இதுல என்ன போட்டிருக்கு, சொல்லு" என்றார். ஷெர்ஷா போட்ட சாலையைப் பற்றிச் சொன்னேன். வழிநெடுக மரங்கள், தங்கிப்போகச் சத்திரங்கள். அப்பா அட்டையைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"எம்புள்ள எவ்வளவு படிச்சிருக்கான்" என்றார். பிறகு, "அவன் பாதில விட்ட பி.ஏ.வ நீ முடிச்சிரும்மா. சிதம்பரம் காலேஜுல கேட்டுப் பாக்குறேன்" என்றார்.

ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது, அண்ணே. ஆனாலும் உன்மேல் பொறாமையாகத்தான் இருக்கிறது. நான் பட்டம் வாங்கும் அன்றும் இந்த வீட்டில் அதை உன் பட்டம் என்றுதான் சொல்வார்கள். "இல்லப்பா, அது அவளோடது" என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் நீதான். இனி அதை நானேதான் சொல்ல வேண்டும்.

அப்பா விளக்கை அணைக்க வருகிறார்; இதோடு நிறுத்துகிறேன்.