அம்மா பார்த்த கொழுந்து

லிந்துலை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் சர்மிளாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் சுகம், மழைதான் விட்டபாடில்லை. போனில் பேசும்போதெல்லாம் அம்மா என் தோளோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறாள். அதனால் இதை எழுத்தில் சொல்கிறேன்.

துபாயிலிருந்து நீ அனுப்பிய பெரிய திரையை நம் பழைய கம்ப்யூட்டரில் மாட்டியபோது படம் திரை நிறைய வந்தது. ஆனால் எழுத்தின் ஓரமெல்லாம் கரைந்திருந்தது. "தெரியுதா?" என்றேன். "தெரியுதுங்க" என்றாள். உன் செய்தியைப் படிக்கச் சொன்னதும் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "நீங்களே வாசிங்க" என்றாள். பார்வை இனித் தேறாது என்று கண்டி டொக்டர் சொன்னதிலிருந்து அவளுக்கு ஒரே ஆசைதான். நீ எழுதுவதை என் வாயால் கேட்காமல், தானே வாசிக்க வேண்டும்.

தலவாக்கலையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் மதுரன் வந்து பார்த்தார். "திரையில குறை இல்ல மாமா. படம்னா சின்னச் சின்னப் புள்ளிங்கதான். திரை கேக்குற அளவு புள்ளிய இந்தப் பழைய பெட்டியால குடுக்க ஏலாது. இருக்குறத இழுத்துப் பரப்புது, அதான் மங்கல்" என்றார். அதற்காகத்தான் படத்தைத் திரைக்கு அனுப்பும் அந்த கிராபிக்ஸ் கார்டை உன்னிடம் கேட்டேன்.

நேற்று அவர் நீ அனுப்பிய கார்டைப் பூட்டி, அதற்குக் கரண்ட் போதாதென்று பவர் சப்ளையையும் மாற்றி, ரெசலூஷனை, அதாவது புள்ளிகளின் எண்ணிக்கையை, உச்சத்துக்கு ஏற்றினார். மங்கல் எல்லாம் போய்விட்டது. ஆனால் எழுத்துகள் எறும்பாகச் சுருங்கிவிட்டன! அம்மா நாற்காலியை விட்டு எழுந்து, "முன்ன இருந்ததே போதும் தம்பி" என்றாள்.

மதுரன் விடவில்லை. "இருங்க அத்தை. புள்ளி கூடுனா எழுத்து சிறுத்துதான் போகும். புள்ளிய அப்படியே வச்சுட்டு எழுத்த மட்டும் பெரிசாக்கலாம்" என்று எதையோ மாற்றினார். ஒவ்வொரு எழுத்தும் என் உள்ளங்கை அகலத்துக்கு, கத்தியால் வெட்டி வைத்தது மாதிரி நின்றது. அம்மா மூக்கு திரையில் படும்படி குனிந்து, எழுத்துக்கூட்டி, "அம்மா சாப்பிட்டீங்களா" என்று வாசித்தாள். மதுரன் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பிறகு, போன முறை வந்தபோது நீ எடுத்த தேயிலைக் கொழுந்துப் படத்தைத் திறந்தோம். திரை முழுக்க ஒரே ஒரு மொட்டு. அதன் மேல் வெள்ளி வெள்ளியாய் மெல்லிய முடி. வயசுக்கு வந்த நாள் முதல் கொழுந்து பறித்தவள் கேட்கிறாள்: "இதுக்கு முடி இருக்குங்களா? விரலுக்கு மெதுமெதுன்னு படுமே, இதானா அது?" கேட்டுக்கொண்டே திரையைத் தடவினாள். இந்த மலையிலேயே பிறந்து வளர்ந்த நானும் அதை இப்படிக் கண்டதில்லை.

அப்புறம் உன் படத்தைக் கேட்டாள். நீ வேலை செய்யும் கடை வாசலில் நின்று சிரிக்கிறாயே, அதுதான். நெடுநேரம் பார்த்தாள். "புள்ள மெலிஞ்சிருச்சுங்க. கண்ணுக்குக் கீழ கறுத்துக் கிடக்கு. உங்களுக்குத் தெரியலையா?" என்றாள்.

போனில் இதே படத்தைப் பார்த்தபோது எனக்கு உன் சிரிப்பு மட்டும்தான் தெரிந்தது, மகளே. கிட்டே போய்ப் பார்த்தேன். அவள் சொன்னது சரி.

இனி எங்களுக்கு ஒன்றும் அனுப்ப வேண்டாம். வேளைக்குச் சாப்பிடு. லீவு கேட்டுப் பார், கிடைத்தால் வா. கிடைக்காவிட்டாலும் வா.

முருகன் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

உன் அப்பா,
மாயாண்டி