நெடும்பாறைச் சுனையின் இரண்டாம் பூட்டு

மருதவரம்பு நாடாளும் அரசி நன்முல்லை, தென்னெல்லைக் கோட்டைத்தலைவர் பொற்கண்டனார்க்கு எழுதுவித்த ஓலை. உமது கோட்டையும், அதனை நம்பி உறங்கும் குடிகளும், வயலும் கன்றும் குறைவின்றி விளங்குக.

நெடும்பாறைக் கோட்டையில் பகைவன் புகுந்தான் எனக் கேட்டு, உமது மதிலை இன்னும் உயர்த்தக் கல்லும் ஆளும் வேண்டினீர். உமது கவலை நமக்கும் உண்டு. ஆயினும் அங்கு நிகழ்ந்ததை நீர் முழுதும் அறிதல் வேண்டும்.

மதிலேறி எவனும் வரவில்லை. நெடும்பாறைத் தளபதி அழிசியாரைக் காட்டுவழியில் சிறைப்பிடித்த பகைவர், அவருடைய முத்திரை மோதிரத்தை ஓர் ஒற்றனிடம் கொடுத்தனுப்பினர். மோதிரம் மெய்யானது, வாயிற்காவலர் வணங்கி வழிவிட்டனர். உள்ளே வந்துவிட்டவன் நம்மவனே என்றெண்ணிப் படைவீதியிலும் குதிரைக்கொட்டிலிலும் ஒருவரும் அவனை வினவவில்லை. கோட்டை முழுதும் பருகும் நீர்ச்சுனையின் கதவுவரை, மடியில் நஞ்சோடு தடையின்றி நடந்தான்.

அக்கதவுக்குப் பூட்டு இரண்டு. ஒரு திறவுகோல் சுனைக்காவலரிடமும், மற்றொன்று தம் மனைவி மருதியாரிடமும் இருக்க அழிசியாரே விதித்திருந்தார். தாமே தனித்து வந்து கேட்டாலும் தரலாகாது என்றும் சொல்லியிருந்தார். வீண் தொல்லை என்று பலரும் முணுமுணுத்த ஏற்பாடு அது. சுனைக்காவலர் மோதிரத்தைக் கண்டு தம் பூட்டைத் திறந்துவிட்டு, மற்றதற்கு அவனை மருதியாரிடம் அனுப்பினார்.

கணவரிடமிருந்து செய்தி வந்ததென்று மகிழ்ந்து மோதிரத்தைக் கையில் வாங்கிய மருதியார், மறுகணமே திடுக்கிட்டார். பழைய போர்க்காயத்தால் கணு வீங்கிய கணவர் விரலிலிருந்து அது பல்லாண்டாகக் கழன்றதில்லை. விரலை அறுக்காமல் அது இங்கு வந்திராது. ஆயினும் முகம் மாறாமல், “அவர் நலமா?” என்று வினவினார். “நலமே, தாயே” என்றான் அவன். “திறவுகோல் எடுத்து வருகிறேன், அமர்க” என்று வெளியே வந்து, கதவைத் தாழிட்டுக் காவலரை அழைத்தார். அவனைப் பிணித்த பின்னரே சுவரில் சாய்ந்து அழுதாராம்.

அவன் காட்டிய இடத்தில் அழிசியாரை உயிரோடு மீட்டோம். வலக்கை இனி வாள் பிடிக்காது.

இதனை நாம் நெடிது எண்ணினோம். மதில் தன் வேலையைச் செய்தது. மதிலுக்கு உள்ளிருந்தோரே தமக்கும் ஒரு வேலை உண்டென்பதை மறந்தனர். அன்று அத்திறவுகோல் மருதியாரிடம் இன்றி வேறொருவர் கையில் இருந்திருந்தால்? ஒருவருடைய கூர்மையை நம்பி ஒரு கோட்டை வாழலாகாது.

ஆகவே கல் அனுப்பவில்லை, ஆணை அனுப்புகிறோம். கொட்டிலும் களஞ்சியமும் படைக்கலச்சாலையும் சுனையும், வெளிவாயில் வினவியது போதுமென்று இராது, வருவோரைத் தாமும் வினவுக. எல்லாத் திறவுகோலும் ஒருவர் கையில் சேரற்க. முத்திரை உடையவர் உரிய காலத்தில் திரும்பாவிடின், அன்றே அது செல்லாதென முரசறைக. நெல்லையும் மருந்தையும் ஓரிடத்தில் குவியாது பிரித்து வைக்க. ஒரு கதவு தோற்றாலும் ஊர் பிழைக்கும். வினவிய காவலரை எவரேனும் கடிந்தால், கடிந்தவர் நம்முன் வந்து விடை சொல்க.

இவ்வோலை கொணரும் தூதன் சேந்தனை வெளிவாயிலிலேயே நிறுத்தி, உம்மவர் ஒருவரை நம் அவைக்கு விடுத்து, இது நம் சொல்தானா என்று கேட்டறிந்தபின் செயற்படுக. சேந்தன் வருந்தான், காத்திருக்கச் சொல்லியே அனுப்பினோம். கீழே அரக்கில் பதிந்த முத்திரை நம்முடையது. அதனை மட்டும் நம்பற்க.